இலக்கு எடையைத் தொட்டாகிவிட்டது, திரும்ப ஏறிவிடுமோ என்ற பயம்தான் போகவில்லை

ஆவாரம்பூ (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். 76 கிலோவில் ஆரம்பித்து 57க்கு வந்துவிட்டேன். உயரம் 158 செ.மீ. டாக்டரும் "போதும்மா, இத்தோட நிறுத்திக்கோ" என்று சொல்லிவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய நேரம் இது. ஆனால் எடை குறைந்துகொண்டிருந்த மாதங்களில் இல்லாத பயம் இப்போது வந்திருக்கிறது.

காலையில் எழுந்ததும் மெஷினில் ஏறுகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஏறுகிறேன். படுக்கப் போகும் முன் இன்னொரு தடவை. 300 கிராம் கூடியிருந்தால் இரவுச் சாப்பாட்டை வெள்ளரிக்காயோடு முடித்துக்கொள்கிறேன். சமீபத்தில் நாத்தனார் மகள் சடங்கில் பாயசம் விட வந்தவரைக் கையால் தடுத்துவிட்டேன். எதிர்ப் பந்தியில் இருந்த மாமியார் முகம் வாடிவிட்டது. புது ரவிக்கை தைக்கக் கொடுத்தால் "உள்ளே ரெண்டு இன்ச் துணி விட்டுத் தைங்க" என்று சொல்கிறேன். பழைய அளவு சுடிதார் எல்லாம் பீரோ மேல்தட்டில் அப்படியே இருக்கிறது. தேவைப்பட்டால் என்ன செய்வது என்ற எண்ணம்தான்.

சொந்தக்காரர்களில் பாதிப் பேர் "என்ன இப்படி இளைச்சிட்ட, சுகரா?" என்கிறார்கள். மீதிப் பேர் "இதெல்லாம் ஆறு மாசம்தான், அப்புறம் ரெண்டு மடங்கா வெயிட் போடும்" என்கிறார்கள். இந்த இரண்டாவது பேச்சுதான் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

54 வரை இறக்கிவிட்டால் மூன்று கிலோ கையிருப்பு மாதிரி இருக்குமே என்று யோசிக்கிறேன். இது சரியா? இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் சொல்லுங்கள். இப்போது நாளைக்கு 1,200 கலோரிதான் சாப்பிடுகிறேன்.

தேரிக்காடு (தூத்துக்குடி)

அக்கா, அரிசி, கோதுமையை ஒதுக்கும் பேலியோ டயட்டில் எடை குறைத்த எனக்கும் இதே கதைதான். பாதாம், முட்டை, பன்னீர் என்று இருந்தவரைக்கும் பயம் இல்லை. இலக்கு வந்த பிறகு ஒரு தோசையைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது. எதைச் சாப்பிடக்கூடாது என்று மட்டும்தான் எல்லோரும் சொல்லிக்கொடுத்தார்கள். முடிந்த பிறகு எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் சொல்லவில்லை. பதில்களுக்காக நானும் காத்திருக்கிறேன்.

சிறுவாணி (கோவை)

நான் டயட்டீஷியன். என்னிடம் வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எப்படிக் குறைப்பது". குறைத்த எடையை அப்படியே நிறுத்திக்கொள்வது பற்றி யாரும் கேட்பதில்லை, நாங்களும் போதுமான அளவு பேசுவதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 300 கிராம். நம் உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவத்தில் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்துவைக்கிறது. முழுக்க நிரம்பினால் ஏறக்குறைய 400 முதல் 500 கிராம். ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டயட்டில் இருக்கும்போது இந்தச் சேமிப்பு பாதி காலியாக இருக்கும். ஒருநாள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டால் அது நிரம்பும், ஊறுகாய் அப்பளத்தின் உப்பு வேறு தண்ணீரைத் தக்கவைக்கும். மறுநாள் மெஷின் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடக் காட்டினாலும் ஆச்சரியமில்லை. அதில் கொழுப்பு மிகச் சொற்பம். ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். எவ்வளவு தாராளமான பந்தியாக இருந்தாலும் ஒரு வேளையில் அது நடக்காது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் இதே போல ஏறி இறங்கும். மாலையில் பார்க்கும் எடைக்கும் காலையில் பார்த்த எடைக்கும் நடுவே இருப்பது அன்று சாப்பிட்டதும் குடித்ததும்தான். அதனால் மாலை எடையும் ராத்திரி எடையும் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது 1,200 கலோரி. இதுதான் என் பெரிய கவலை. வேலைக்குப் போய் வீட்டையும் கவனிக்கும் உங்கள் அளவுள்ள பெண்ணுக்கு எடை ஏறாமல் இறங்காமல் நிற்க 1,600, 1,700 பக்கம் தேவைப்படலாம். சரியான அளவை உங்கள் உடம்புதான் சொல்லும். இலக்கைத் தொட்ட பிறகும் 1,200லேயே இருப்பது பாதுகாப்பு மாதிரித் தெரியும். உண்மையில் தசை கரையும், பசி கூடும், ஒரு நாள் கட்டு அறுந்துபோகும். ஆறு மாதத்தில் இரண்டு மடங்காக ஏறியவர்கள் என்று உங்கள் சொந்தக்காரர்கள் காட்டும் ஆட்களில் நிறையப் பேர் இந்த வழியாகப் போனவர்கள்தான்.

பசி கூடுவது மனபலம் சம்பந்தப்பட்டது இல்லை. மெல்போர்னில் செய்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. 50 பேரை 10 வாரம் மிகக் குறைந்த கலோரியில் வைத்து எடை குறைத்தார்கள். போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் இறங்கியது, பசியைத் தூண்டும் க்ரெலின் ஏறியது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆக, பசி உங்களைத் தேடி வரும். அதற்கு இடம் ஒதுக்கித் திட்டம் போட வேண்டும்.

எப்படிக் கூட்டுவது? ஒரே நாளில் வேண்டாம். நாளைக்கு 100 முதல் 150 கலோரி கூட்டுங்கள். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அதாவது 25 கிராம், சுமார் 140 கலோரி. இரண்டு வாரம் அப்படியே இருந்து வாரச் சராசரி எடையைப் பாருங்கள். நின்றால் இன்னும் ஒரு 100. முதல் வாரத்தில் தண்ணீர் எடை கொஞ்சம் ஏறும், அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். கூட்டுவதில் பாதியாவது முட்டை, பருப்பு, தயிர், மீன் பக்கம் இருக்கட்டும். வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி ஏதாவது செய்யுங்கள், வீட்டில் தண்ணீர் கேன் வைத்தாவது.

கடைசியாக, 57 என்ற ஒற்றை எண்ணை விட்டுவிட்டு 55.5 முதல் 58.5 வரை என்று ஓர் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எங்கே இருந்தாலும் நீங்கள் இலக்கில்தான் இருக்கிறீர்கள். அமெரிக்காவில் ரீனா விங் குழுவினர் 314 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. எல்லோரும் சமீபத்தில் எடை குறைத்தவர்கள். ஒரு பிரிவினருக்குச் செய்திமடல் மட்டும். மற்றவர்களைத் தினமும் எடை பார்க்கச் சொல்லி, எடைக்கு ஏற்ப பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலம் பிரித்துக் கொடுத்தார்கள். பச்சையில் இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம். மஞ்சளுக்கு வந்தால் சாப்பாட்டையும் நடையையும் சரிபார்க்க வேண்டும். சிவப்பு என்றால் பழைய குறைப்புத் திட்டத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். 18 மாதம் கழித்து, வெறும் செய்திமடல் மட்டும் கிடைத்தவர்களில் சுமார் 72 சதவீதம் பேர் 2.3 கிலோவோ அதற்கு மேலோ ஏறியிருந்தார்கள். நேரில் கூடிப் பயிற்சி பெற்றவர்களில் அது 46 சதவீதம். மந்திரம் எதுவும் இல்லை, நேரில் வந்தவர்களிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் ஏறத்தான் செய்தார்கள். ஆனால் ஏறினால் என்ன செய்வது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் நிலைமை எவ்வளவு மாறுகிறது பாருங்கள்.

நொச்சி (சென்னை)

சிறுவாணி சொன்னதில் பெரும்பாலானது சரிதான். தினமும் எடை பார்ப்பது என்பதில் மட்டும் நான் கடுமையாக மாறுபடுகிறேன்.

ஆவாரம்பூ எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். ஒரே நாளில் பலமுறை மெஷின். 300 கிராமுக்கு ராத்திரிச் சாப்பாடு ரத்து. டாக்டர் போதும் என்ற பிறகும் 54. இது திட்டம் இல்லாத குறை மட்டும் இல்லை. என் வீட்டில் ஒரு கல்லூரிப் பெண் இதே பாதையில் போனாள். எல்லோரும் "சூப்பரா இளைச்சிட்ட" என்று பாராட்டிக்கொண்டே இருந்தோம். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, மாதவிலக்கு நின்றது, எப்போதும் குளிருது என்று போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மனநல மருத்துவரிடம் போன பிறகுதான் இது ஒரு நோய் என்று எங்களுக்குப் புரிந்தது. எடை கூடிவிடும் என்ற தீராத பயம், சாப்பாட்டை அளவுக்கு மீறிக் குறைக்க வைக்கும் அனோரெக்சியா நோயின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. ஆள் எலும்பும் தோலுமாக இருந்தால்தான் அந்த நோய் என்று நினைக்கிறோம். ஆரம்பத்தில் அப்படி இருக்காது.

ஆவாரம்பூவுக்கு அந்த நோய் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் 54 வந்த பிறகு 52 என்று தோன்றும். அந்தக் கையிருப்பு என்றைக்கும் போதாது, ஏனென்றால் பயம் எடையோடு கூடவே இறங்கி வரும். சாப்பாட்டைத் தவிர்ப்பதற்காக விசேஷ வீடுகளைத் தவிர்க்கத் தொடங்கினாலோ, சாப்பிட்ட பிறகு வாந்தி எடுக்கத் தோன்றினாலோ, மாதவிலக்கு தள்ளிப்போனாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். 14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

என் வேண்டுகோள்: அந்த மெஷினைக் கொஞ்ச நாள் வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவையுங்கள்.

சிறுவாணி (கோவை)

நொச்சி, நன்றி. நான் சொன்ன ரீனா விங் ஆய்வில் தினமும் எடை பார்த்தவர்களுக்கு மனச்சோர்வு கூடவில்லை என்று தனியாகவும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது கூட்டத்துக்கான பதில். எண்ணைப் பார்த்ததும் சாப்பாட்டை நிறுத்துகிறவருக்கு அது பொருந்தாது. எடை பார்ப்பது ஒருவருக்கு நிம்மதி தருகிறதா, தண்டனையாகிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆவாரம்பூ, உங்களுக்கு வாரம் ஒரு முறை போதும். அதுவும் கஷ்டமாக இருந்தால் இன்ச் டேப்பால் மாதம் ஒரு முறை இடுப்பளவு. நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. 54க்கு இறங்க வேண்டிய அவசியம் துளியும் இல்லை. உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, இப்போது 22.8, இந்தியர்களுக்கு வகுத்த 23 என்ற எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறீர்கள். 58.5 வரை போனால் 23ஐக் கொஞ்சம் தாண்டும்தான். இரத்தப் பரிசோதனைகள் சரியாக இருக்கும்போது அதற்காகப் பதற வேண்டியதில்லை.

கல்லணை (தஞ்சாவூர்)

அம்மா ஆவாரம்பூ, நான் பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். சுகருக்காகத்தான் எடை குறைத்தேன். எடை இறங்கியதும் மாத்திரைகளை டாக்டர் ஒவ்வொன்றாக நிறுத்தினார். அதனால் எனக்குப் பயம் இரட்டிப்பு. எடை ஏறினால் சுகரும் கூடவே ஏறும்.

என் டாக்டர் ஒரு பிரிட்டிஷ் ஆய்வைப் பற்றிச் சொன்னார். டைரெக்ட் என்று பெயர், ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் நடந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் தினம் 850 கலோரி அளவில் திரவ உணவு மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வந்தது, இரண்டாவது வருட முடிவில் 36 சதவீதம். எனக்குப் பிடித்தது இந்தக் கணக்கு இல்லை. திரவ உணவு முடிந்ததும் "போய் வாருங்கள்" என்று அனுப்பிவிடவில்லை. இரண்டு முதல் எட்டு வாரம் வரை சாப்பாட்டைப் படிப்படியாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் மாதாமாதம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். யாருக்காவது 2 கிலோவுக்கு மேல் ஏறினால் என்ன செய்வது என்று முதலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். எடை திரும்ப ஏறுவதை யாருடைய குற்றமாகவும் பார்க்கவில்லை. அது நடக்கும், நடந்தால் இதைச் செய் என்று வைத்திருந்தார்கள்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. அரிசியை நான் அப்படித்தான் திரும்பக் கொண்டுவந்தேன். மதியம் ஒரு கரண்டி சோறு, இரண்டு கரண்டி காய், அப்புறம் குழம்பு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பார்ப்பேன். சரியாக இருந்தால் அடுத்து ஞாயிறு காலை இட்லி. பொன்னி அரிசியை விரோதியாகப் பார்த்துக்கொண்டு தஞ்சாவூரில் எப்படி அம்மா வாழ்வது? மாத்திரை எடுப்பவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டுத் தானாக அளவை மாற்ற வேண்டாம், டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

தேரிக்காடு (தூத்துக்குடி)

ஒரு சந்தேகம். அமெரிக்க டிவியில் எடை குறைப்புப் போட்டி நடத்தினார்களே, அதில் கலந்துகொண்டவர்களுக்கு உடம்பின் இயக்கமே நிரந்தரமாக மந்தமாகிவிட்டது, எல்லோருக்கும் எடை திரும்பிவிட்டது என்று ஒரு வீடியோ பார்த்தேன். அன்றிலிருந்து எதைச் செய்தாலும் வீண் என்ற எண்ணம் வந்துவிட்டது.

சிறுவாணி (கோவை)

தம்பி, அது 'தி பிக்கஸ்ட் லூசர்'. கெவின் ஹால் குழுவினரின் ஆய்வு, 2016இல் வந்தது. 14 பேர், போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள். ஆறு வருடத்தில் சராசரியாக 41 கிலோ திரும்ப ஏறியது. ஓய்வில் உடம்பு செலவழிக்கும் சக்தி, அவர்கள் அளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. இது வரைக்கும் வீடியோவில் வந்திருக்கும்.

வீடியோவில் வராதது: சில மாதங்களில், நாள் முழுக்கக் கடும் உடற்பயிற்சியோடு பட்டினிக்கு நெருக்கமாக இருந்து குறைத்தவர்கள் அவர்கள். உங்களை அவர்களோடு ஒப்பிட முடியாது. அடுத்த வருடம் அதே ஆட்களை வைத்து இன்னோர் ஆய்வும் வந்தது. எடையைப் பெருமளவு தக்கவைத்தவர்கள் எடை ஏறியவர்களைவிட மிக அதிகமாக உடலுழைப்பைக் கூட்டியிருந்தார்கள்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 1994இல் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் இருவரும் அமெரிக்காவில் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஒரு வருடமாவது அதைக் காத்தவர்கள் மட்டும் அதில் சேரலாம். 10,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் 90 சதவீதம் பேர் தினம் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள், பெரும்பாலும் நடைதான். தானாக முன்வந்து சேர்ந்தவர்கள் என்பதால் அதை வைத்து எல்லோருக்கும் முடிவு சொல்ல முடியாது. ஆனால் இப்படி வாழ்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. நடையை மட்டும் விடாதீர்கள். குறைக்கும்போது உணவு பெரிய வேலையைச் செய்தது, காக்கும்போது நடை அதற்குச் சமமாகத் தோள் கொடுக்கும்.

பனங்கிழங்கு (சிங்கப்பூர்)

ஊசி போட்டுக் குறைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. செமாக்ளூட்டைட் என்ற எடை குறைப்பு ஊசியை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்தில் திரும்ப வந்தது. மருந்து இருக்கும்வரை பசி அடங்கியிருக்கும், நிறுத்தினால் விழித்துக்கொள்ளும். இலக்கு வந்துவிட்டது என்று சொல்லாமல் கொள்ளாமல் ஊசியை நிறுத்த வேண்டாம். நானும் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் பேசித்தான் அளவை மெதுவாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆவாரம்பூ (மதுரை)

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நொச்சி அக்கா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். 54 யோசனையை விட்டுவிட்டேன். மெஷின் இப்போது வீட்டுக்காரர் அலமாரியில். சனிக்கிழமை காலையில் மட்டும் எடுத்துத் தருகிறார். டெலி மானஸுக்கும் பேசினேன். பெரியாஸ்பத்திரியில் ஒருமுறை நேரில் காட்டச் சொன்னார்கள், போகிறேன். மாதவிலக்கு இதுவரை சரியாகத்தான் வருகிறது.

வேர்க்கடலையும் ஒரு முட்டையும் கூட்டியிருக்கிறேன். முதல் சனிக்கிழமை 57.6 காட்டியது. முன்பென்றால் அன்றைக்கே பட்டினி. தண்ணீர் எடை என்று சொல்லிக்கொண்டு மதியம் சாப்பிட்டேன், கை நடுங்கியது உண்மைதான். அடுத்த சனி 57.2.

58.5ஐத் தாண்டி இரண்டு வாரம் நின்றால் என்ன செய்வது என்று சமையலறைக் காலண்டர் பின்னால் எழுதி ஒட்டியிருக்கிறேன்: சாயங்கால பிஸ்கட், பலகாரம் நிறுத்தம், ராத்திரி தட்டில் பாதி காய், நடை ஒரு மணி நேரம், நான்கு வாரம் பார்த்துவிட்டுச் சிறுவாணிக்கு எழுதுவது. பட்டினி கிடையாது என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. பொங்கலுக்கு ஊரில் நான்கு நாள் இருப்போம், மெஷின் இருக்காது. அப்புறம் மாமியார். அவர் அன்பாகத்தான் வைக்கிறார், வேண்டாம் என்றால் அவர் சமையலையே ஒதுக்குகிறேன் என்று நினைக்கிறார்.

கல்லணை (தஞ்சாவூர்)

மாமியாரிடம் வேண்டாம் என்று சொல்லாதே அம்மா. "இன்னைக்கு உங்க கையால ஒரு கரண்டி பாயசம் மட்டும் குடுங்க அத்தை" என்று நீயே முந்திக் கேள். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவளை யாரும் வற்புறுத்தமாட்டார்கள். எங்கள் வீட்டில் இது நன்றாக வேலை செய்தது. இன்னொன்று, என்ன சாப்பிடவில்லை என்று பந்தியில் பேசவே பேசாதே. பேச்சு எடுத்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

நொச்சி (சென்னை)

ஆவாரம்பூ, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிப்போங்கள். அவரும் கேட்க வேண்டியது இருக்கும்.

சிறுவாணி (கோவை)

பொங்கலுக்கு மெஷினைத் தேடவே வேண்டாம். அமெரிக்காவில் 195 பேரைப் பண்டிகைக் காலத்தில் தொடர்ந்து எடை பார்த்த ஆய்வு 2000இல் வந்தது. சராசரியாக ஏறியது 0.37 கிலோ. தங்களுக்கு எவ்வளவு ஏறியிருக்கும் என்று அவர்களைக் கேட்டபோது அதைவிடப் பல மடங்கு சொன்னார்கள். ஆனால் அந்தக் கொஞ்சமும் அடுத்து வந்த வசந்தத்திலும் கோடையிலும் தானாக இறங்கவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அதனால் கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் சாப்பிடுங்கள், மாட்டுப் பொங்கல் அன்றைக்குப் பசங்களோடு வயல் வரப்பில் நன்றாக நடங்கள். மதுரை திரும்பிய மறுநாளே வழக்கமான சாப்பாட்டுக்கு வந்துவிடுங்கள், ஈடுகட்டுவதற்காக ஒரு வேளையும் தள்ள வேண்டாம். எடை பார்ப்பதை அடுத்த சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் தண்ணீர் வடிந்திருக்கும். பார்த்துவிட்டு எண்ணை இங்கே எழுதுங்கள், 1,200இலிருந்து எவ்வளவு கூட்டியிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து. அடுத்த 100 கலோரியை எங்கே வைப்பது என்று அப்போது சொல்கிறேன்.